ஊர்வலம் எந்த வாசலில் போய் நிற்கிறது?

வலதுவிங்கர்:
பெயரைப் பார்த்து வலதுசாரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பள்ளி அணியில் நான் ஆடிய இடம் அது, அவ்வளவுதான்.

2017 மே 22, மான்செஸ்டர் அரீனாவில் இஸ்லாமியத் தீவிரவாதி வைத்த குண்டுக்கு 22 பேர் பலி. ஜூன் 3, லண்டன் பிரிட்ஜ் தாக்குதலில் எட்டுப் பேர். அந்த மாதமே ‘ஃபுட்பால் லாட்ஸ் அலையன்ஸ்’ என்ற பெயரில் கால்பந்து ரசிகர்கள் திரண்டு, ஜூன் 24 அன்று லண்டனில் ஊர்வலம் போனார்கள். ஆட்ட நாளில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளும் கிளப்காரர்கள் ஒரே தெருவில் ஒன்றாக நடந்தார்கள். எல்லாவிதத் தீவிரவாதத்துக்கும் எதிராக என்றுதான் அறிவித்தார்கள்.

அதற்குக் கிடைத்த பெயர் இனவெறி. இந்தக் கூட்டத்திடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று 2018ல் பிரீமியர் லீக் நிர்வாகம் தன் கிளப்புகளை எச்சரித்தது. அதே வருடம், அதிலிருந்து பிரிந்த கோஷ்டியின் ஊர்வலத்தை ஆதரித்தார் என்று வெஸ்ட் ஹாம் கிளப் ஒரு இளையோர் பயிற்சியாளரை இடைநீக்கம் செய்தது. வெடிகுண்டு வைத்தவனைக் கண்டித்து நடப்பது எப்போதிலிருந்து குற்றம்?

கோப்_கண்ணன்:
குற்றமில்லை. ஆனால் 2017ல் கதையை ஆரம்பித்தால் எப்படி? 2009க்கு வாருங்கள்.

மார்ச் மாதம், லூட்டன். இராக்கிலிருந்து திரும்பிய ராணுவப் படைப்பிரிவு நகர்வலம் வருகிறது. அல் முஹாஜிரூன் என்ற தீவிரவாதக் குழுவின் ஆட்கள் கொஞ்சப் பேர் அட்டையைத் தூக்கிப் பிடித்துச் சிப்பாய்களைக் கசாப்புக்காரர்கள் என்று திட்டினார்கள். ஊர் கொதித்தது. கொதித்ததில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் ஜூனில் இங்கிலீஷ் டிஃபென்ஸ் லீக் என்ற இயக்கம் பிறந்தது. ஆள் எங்கிருந்து வந்தது? ஸ்டேடியச் சண்டைக்குப் பேர்போன ‘கேஷுவல்ஸ்’ கோஷ்டிகளிலிருந்து. அவர்களும் முதல் நாள் சொன்னது ‘தீவிரவாதிகளை மட்டும்தான்’. பிறகு ஊர் ஊராகப் போய், மசூதி கட்ட எதிர்ப்பு, முஸ்லிம்கள் வாழும் தெருவில் கோஷம் என்று ஆனது. அட்டை தூக்கியவன் அந்தத் தெருவில் இருந்தானா? அங்கே மளிகைக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

ஹைபரி ராவுத்தர்:
இதில் எல்லோரும் மறந்துவிடும் ஒரு காட்சி இருக்கிறது. அதே 2009 மே மாதம், லூட்டனில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடித்து வந்த முஸ்லிம்களே அந்த முஹாஜிரூன் கும்பல் தெருவில் பிரசாரம் செய்த இடத்துக்குப் போய், ‘உங்களால் எங்கள் பெயர் கெடுகிறது, கிளம்புங்கள்’ என்று மல்லுக்கு நின்றார்கள். தீவிரவாத எதிர்ப்புப் போராட்டம் என்றால் அதுவும்தானே? அதில் கலந்துகொள்ள ஒரு டிஃபென்ஸ் லீக்கும் தேவைப்படவில்லை.

நான் ஆர்சனல் ரசிகன். எங்கள் ஸ்டேடியத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஃபின்ஸ்பரி பார்க். 2017 ஜூன் 19, நள்ளிரவு தாண்டி, ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடித்து வந்தவர்கள் மேல் ஒருவன் வேனை ஏற்றினான். ஒருவர் இறந்தார். ஆத்திரத்தில் கூட்டம் அவனைச் சூழ்ந்தபோது இமாம் குறுக்கே நின்று, போலீஸ் வரும்வரை யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொண்டார். அந்த வாரம் அலுவலகத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. லண்டன் பிரிட்ஜுக்கு அடுத்த திங்கட்கிழமை மட்டும் மூன்று பேர் கேட்டார்கள், ‘இதைப் பற்றி நீ என்ன சொல்கிறாய்?’ என்று. நான் என்ன சொல்வது, காபி மெஷினில் பால் தீர்ந்துவிட்டது என்றா?

வலதுவிங்கர்:
ராவுத்தர் பாய், உங்களிடம் கேட்டது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

ஆனால் அன்ஜெம் சௌத்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முஹாஜிரூன் கும்பலின் முகமே அவர்தான். வருடக்கணக்கில் டிவியில் உட்கார்ந்து பேசினார். இயக்கத்தைத் தடை செய்தால் வேறு பெயரில் வந்தார். 2016ல்தான் ஐந்தரை வருடம் சிறை, 2024ல்தான் ஆயுள். இத்தனை வருடம் அரசாங்கம் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது சாதாரண ஆள் என்ன செய்ய வேண்டும்? அவன் கத்தினால் ரவுடி, கத்தாவிட்டால் கோழை. கோபத்தைக் காட்ட மரியாதையான வழியை அடைத்துவிட்டால், மரியாதை இல்லாதவன்தான் மைக்கைப் பிடிப்பான்.

கோப்_கண்ணன்:
கடைசி வரி சரி. அதற்கு வழி ஊர்வலம் மட்டுமா? முகமது சலா லிவர்பூலுக்கு வந்தது 2017. கோல் அடித்ததும் புல்லில் நெற்றி வைத்து ஸஜ்தா செய்கிற ஆள். ரசிகர்கள் அவருக்குக் கட்டிய பாட்டிலேயே, இன்னும் சில கோல் போட்டால் நானும் முஸ்லிமாகிவிடுகிறேன் என்கிற மாதிரி வரும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலை ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அவர் வந்தபிறகு அந்த வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள், அவர் வராமல் இருந்திருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட 16 சதவீதம் குறைவு. மற்ற கிளப் ரசிகர்களோடு ஒப்பிட்டால், லிவர்பூல் ரசிகர்களின் முஸ்லிம் வெறுப்பு ட்வீட்டுகள் பாதி.

பெஞ்ச்பிளேயர்:
கோல் போட்டால் சகோதரன். பெனால்டியை விட்டால்? 2021 யூரோ இறுதிப்போட்டிக்கு அப்புறம், பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்து வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவரையும் என்ன பாடு படுத்தினார்கள்? அங்கே பிரச்சினை மதமில்லை, நிறம். சூத்திரம் ஒன்றுதான். சகிப்புத்தன்மை கோல் கணக்கில் ஓடினால் அது சகிப்புத்தன்மை இல்லை, போனஸ்.

கிளாஸ்கோ மழை:
பதினாறு வருடமாக கிளாஸ்கோவில் இருக்கிறேன், அதனால் குறுக்கே வருகிறேன். நீங்கள் எல்லோரும் இஸ்லாம் என்ற ஒரே கம்பத்தைச் சுற்றுகிறீர்கள். இங்கே செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு கிளப்பும் மோதிக்கொண்டது கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்று. இரண்டு பேருக்கும் ஒரே இயேசு! 1989ல் முன்னாள் செல்டிக் வீரரான மோ ஜான்ஸ்டனை, கத்தோலிக்கரை, ரேஞ்சர்ஸ் வாங்கியபோது அவர்களுடைய ரசிகர்களிலேயே சிலர் சொந்த ஸ்கார்ஃபை எரித்தார்கள். பிறகு அவர் செல்டிக்குக்கு எதிராகவே கடைசி நிமிடத்தில் கோல் போட்டார். ரேஞ்சர்ஸ் பக்கம் எத்தனை பேர் குதித்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள்.

சட்டமும் போட்டுப் பார்த்தாயிற்று. ஆட்டங்களில் மதவெறிக் கோஷத்துக்கு எதிராக ஸ்காட்லாந்தில் 2012ல் ஒரு சட்டம் வந்தது. எது பாட்டு, எது வெறுப்பு என்று பிரிக்க முடியாமல் இழுபறி. ரசிகர்களை மட்டும் குறிவைக்கிறது என்று எதிர்ப்பு. 2018ல் ரத்து.

வலதுவிங்கர்:
அப்படியென்றால் மதத்தை ஸ்டேடியம் வாசலிலேயே கழற்றி வைத்துவிடலாமே அக்கா? 2022ல் பிளாக்பர்ன் மைதானப் புல்வெளியில் பெருநாள் தொழுகை. 2023ல் செல்சியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் ஸ்டேடியத்தில் இஃப்தார். நல்லெண்ணம்தான், சரி. நாளைக்கு எல்லா மதமும் கியூவில் நிற்கும். கிளாஸ்கோவில் மதத்தை வெளியே தள்ளப் பாடுபட்டுவிட்டு லண்டனில் சிவப்புக் கம்பளம் விரிப்பதா?

ஹைபரி ராவுத்தர்:
வாசலில் யார் கழற்றுகிறார்கள்? கோட்டைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்ளும் வீரர் எத்தனை பேர்! அதை யாரும் மதம் என்று எண்ணுவதே இல்லை, பழகிவிட்டது.

2021 ஏப்ரல், லெஸ்டர் - பேலஸ் ஆட்டம். நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது. பந்து கோல்கிக்குக்குப் போனதும் பேலஸ் கீப்பர் குவாய்ட்டா அவசரப்படவில்லை, நின்றார். நோன்பிருந்த லெஸ்டர் வீரர் ஃபொஃபானா ஓரத்துக்கு ஓடி வாயில் எதையோ போட்டு ஒரு மடக்கு குடித்துவிட்டு வந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு நடந்ததே தெரியாது. ஒரு த்ரோ-இன்னுக்கு நேரத்தைக் கடத்துவதை நாம் இதைவிட அதிகம் பொறுத்துக்கொள்கிறோம், அதுவும் எதிர் அணி முன்னிலையில் இருக்கும்போது!

கோப்_கண்ணன்:
‘மரியாதையான வழி’ என்ற பேச்சுக்கு 2024ஐயும் சேர்க்க வேண்டும். சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் முஸ்லிம் என்று ஒரு பொய் பரவியது. மறுநாளே மசூதி மேல் கல். பிரிட்டனில் பிறந்தவன், முஸ்லிம் இல்லை என்று தெரிந்த பிறகும் ஊர் ஊராக அடங்கவில்லை. லிவர்பூலின் வால்டன் பகுதியில் ஒரு நூலகத்துக்குத் தீ வைத்தார்கள், எவர்ட்டன் கிளப்பின் குடிசன் பார்க் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில். எந்தத் தீவிரவாதத்தை எதிர்த்து நூலகத்தைக் கொளுத்தினார்கள்?

கிளாஸ்கோ மழை:
அதே வாரம், அதே லிவர்பூல். அப்துல்லா குவிலியம் மசூதிக்கு வெளியே எதிர்ப்பாளர்கள் வந்தபோது இமாம் சாப்பாட்டுத் தட்டோடு தெருவைக் கடந்து போய்ப் பேச்சுக் கொடுத்தார். சிலர் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். இதற்கு முன்மாதிரி 2013 யார்க். லண்டனில் சிப்பாய் லீ ரிக்பி கொல்லப்பட்ட சில நாளில் டிஃபென்ஸ் லீக் ஆட்கள் யார்க் மசூதி முன் வருவதாக அறிவித்தார்கள். உள்ளே தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக் காத்திருந்தார்கள். வந்தது ஏழெட்டுப் பேர்கூடத் தேறாது. அவர்களை உள்ளே கூப்பிட்டு, டீ கொடுத்து, பேசி, அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லோரும் சேர்ந்து பந்து ஆடினார்கள்.

வலதுவிங்கர்:
அக்கா, அழகான கதை. ஆனால் கவனியுங்கள், அவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க வந்ததால்தான் அந்த டீயே கிடைத்தது. வீட்டிலிருந்து ட்வீட் போட்டிருந்தால் பேச்சே நடந்திருக்காது.

பெஞ்ச்பிளேயர்:
இது செம்ம. மசூதி வாசலுக்குக் கோபமாகப் போனால் பிஸ்கட் நிச்சயம் என்கிறீர்கள்.

வலதுவிங்கர்:
கிண்டலை விடுங்கள். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அடுத்து ஊர்வலம் என்றால், யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால் பாதை எங்கே முடிகிறது என்று பார்ப்பேன். நாடாளுமன்றம், உள்துறை அலுவலகம் என்றால் நடப்பேன். ஒரு வழிபாட்டு இடத்தின் வாசலில் முடிந்தால் திரும்பிவிடுவேன். நடப்பதையே விட்டுவிடச் சொன்னால் மட்டும் முடியாது.

ஹைபரி ராவுத்தர்:
நாடாளுமன்றம் என்றால் நானும் வருகிறேன், நண்பரே. நிஜமாகத்தான். நீங்கள் எங்கள் பரம எதிரியான டோட்டன்ஹாம் என்று எங்கோ எழுதியிருந்த ஞாபகம். பக்கத்திலேயே ஆர்சனல் ஸ்கார்ஃபோடு நடப்பேன், பரவாயில்லையா?

வலதுவிங்கர்:
நாடாளுமன்றம் வரைக்கும் சரி பாய். போட்டோ மட்டும் எடுக்கக் கூடாது.