மாட்டிறைச்சி விலை ஏறினால் இறங்கவே இறங்காதோ? கோழி இறங்குதே!

கொத்துக்கடை_மாங்குளம்:
எல்லாருக்கும் வணக்கம். மாங்குளத்திலை ஏ9 ஓரமா பின்னேரக் கொத்துரொட்டிக் கடை வைச்சிருக்கிறன். 2014 இலை தொடங்கேக்கை எலும்போடை ஒரு கிலோ 500 ரூபாய்க்கு வாங்கினன். 2019 இலை 850. போன கிழமை 2,300. டீசல் 460 வித்த காலத்திலை "டீசல் ஏறிட்டுது தம்பி" எண்டு சொல்லி ஏத்திச்சினம், சரி எண்டு வாங்கினன். டீசல் இறங்கின பிறகு ஒரு ரூபாய் குறைஞ்சுதோ? இல்லை. கோழி அப்பிடியில்லை, ஏறிப் போகும், பிறகு இறங்கியும் வரும்.

இது கடைக்காரர் சேர்ந்து அடிக்கிற கொள்ளையோ, இல்லாட்டி எனக்கு விளங்காத விசயம் ஏதும் இருக்கோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வவுனியாப்_பொடியன்:
அண்ணை, போன மாசம் உங்கடை சந்தியிலைதான் மாட்டுக்கொத்து சாப்பிட்டனான். இறைச்சியை ரோர்ச் அடிச்சுத் தேடினனான். விலை ஏறினது உங்களுக்கு எந்த வகையிலை பாதிச்சது எண்டு விளங்கேல்லை.

பட்டிக்காரன்_முத்தையன்கட்டு:
தம்பி, எனக்குக் கடையைப் பற்றித் தெரியாது. மாட்டுப் பட்டி வைச்சிருக்கிறன், அப்பு காலத்துப் பட்டி. மாட்டுப் பக்கம் நிண்டு சொல்லுறன்.

கோழியையும் மாட்டையும் ஒரு தராசிலை வைக்காதேங்கோ. பிறொய்லர் குஞ்சு ஆறு கிழமையிலை சட்டிக்கு வந்திடும். விலை ஏறினால் ஊருக்கு நாலு பேர் கூடு அடிச்சுக் குஞ்சு இறக்குவினம், ரெண்டாம் மாசம் விலை தானா விழும். மாடு ஒன்பது மாசத்துக்கு மேலை சுமந்து ஒரேயொரு கண்டு போடும். அது நாம்பனோ (ஆண்) நாகோ (பெண்) எண்டது மாட்டுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கடை ஊர் மாடு சின்ன மாடு. நாம்பன் வியாபாரி கண் வைக்கிற அளவுக்கு வர மூண்டரை, நாலு வருசம் வேணும்.

என்னட்டை இப்ப 31 பசு. ஒண்டு ஒன்றரை வருசத்துக்கு ஒருக்காப் போடுது எண்டு வையுங்கோ, வருசம் 20 கண்டு. பாதி நாம்பன். அதிலை ஒண்டு பால் காணாமல் சாகும், ஒண்டு நோயிலை போகும், ஒண்டை இரவிலை ஆரோ கயிறு போட்டுக் கொண்டு போவாங்கள். ஏழு எட்டு மிஞ்சினால் அது நல்ல வருசம். விலை 2,300 எண்டதுக்காக அந்த எட்டை நான் பதினாறாக்க ஏலாது.

அதோடை இன்னொண்டு. விலை ஏறினால் நான் கூட விப்பன் எண்டு நினைப்பியள். நடக்கிறது மாறி. நாகை விக்க மனம் வராது, அது போடப்போற கண்டுகளின்ரை விலையும் ஏறிக் கிடக்குதெல்லோ. நாம்பனையும் "இன்னொரு மாரி பாப்பம்" எண்டு விடுவன். ஒட்டுசுட்டானிலையும் நெடுங்கேணியிலையும் மற்றவையும் இதைத்தான் நினைப்பினம். சந்தைக்கு வாற மாடு குறையும், விலை இன்னும் ஏறும். பால்மாவும் ஒரு காரணம். 2021 ஒக்ரோபரிலை கட்டுப்பாட்டு விலையை எடுக்க முதல் 400 கிராம் பைக்கற் 380 ரூபாய், அடுத்த மார்ச்சிலை 790. அதோடை பசும்பாலுக்கும் விலை கூடிச்சுது. முந்தியெண்டால் கிழட்டுப் பசு எண்டு கழிச்சு விட்டிருப்பன். இப்ப இன்னொரு கண்டு ஈனட்டும் எண்டு வைச்சிருக்கிறன்.

வறட்சி வந்து குளம் வத்தி, மேய்ச்சல் தரவை கருகினால் மட்டும்தான் நாங்கள் அள்ளி விக்கிறது. அண்டைக்கு வியாபாரி அரை விலை கேப்பார். அந்த அரை விலையை எப்பவாவது கடையிலை கண்டனீங்களோ?

நான் கண்டதைச் சொல்லுறன். 2008 இலை சண்டையாலை இடம்பெயரேக்கை என்னட்டை 64 மாடு. பட்டியைத் திறந்து விட்டிட்டுப் போனனாங்கள். 2010 இலை திரும்பி வந்து பத்தைக்குள்ளை தேடினன், என்ரை குறி சுட்ட மாடு ஒன்பதுதான் கண்டன். அந்தக் காலத்திலை கட்டாக்காலி மாடுகள் றோட்டிலை நிண்டது, லொறி லொறியா தெற்குக்குப் போச்சுது, இறைச்சியும் மலிவு. அண்டைக்கு மலிவாத் திண்டது பட்டியின்ரை முதலைத்தான்.

2020 செப்ரெம்பரிலை மாடறுப்பைத் தடை செய்யப்போகினம் எண்டு கதை வந்தது, அமைச்சரவையும் இணங்கினது. அடுத்த கிழமை வியாபாரி வந்தார். "ஐயா, இனி அறுக்க விடமாட்டினம், பிறகு இதுகளை வைச்சு என்ன செய்யப்போறியள்?" எண்டார். பயத்திலை ஆறு நாம்பன் குடுத்தன். கடையிலை இறைச்சி தொங்கினபடிதான் இருந்தது. அந்தாள் இப்ப எங்கை கண்டாலும் சிரிப்பார்.

அதே வருசக் கடைசியிலை தோலிலை கட்டி கட்டியா வாற லம்பி நோய். வடக்கிலைதான் முதல் கண்டது. சாவு கொஞ்சம்தான், ஆனால் வந்த மாடு மெலிஞ்சு, பால் வத்தி, சினைப்பிடிக்கவும் பிந்திச்சுது.

பிறகு 2022 மார்கழி. மாண்டூஸ் புயல் கடலிலை நிண்டது, இங்கை மழையும் காத்தும் குளிரும். வன்னி மாடு வெயிலுக்குப் பழகினது, குளிர் தெரியாது. கூரை இல்லாத பட்டி. விடியப் போய்ப் பாத்தால் பதினொண்டு விறைச்சுக் கிடந்தது, அதிலை நாலு சினை. வடக்கு கிழக்கிலை ஆயிரத்துக்கு மேலை செத்தது. மாகாணம் விட்டு மாகாணம் இறைச்சி கொண்டுபோகவும் கொஞ்ச நாள் தடை போட்டவை. சனமும் பயத்திலை வாங்கேல்லை.

அந்த நாலு சினையும் இருந்திருந்தால் 2023 இலை போட்டிருக்கும். அந்தக் கண்டுகள் இப்பதான் வியாபாரி கேக்கிற வயசுக்கு வந்திருக்கும். நீங்கள் 2,300 குடுக்கிற இடத்திலை அந்த மாடுகள் இல்லை தம்பி.

பழைய_குத்தகைக்காரன்:
ஐயா சொன்னது சரி. ஆனால் கேள்வி கேட்டவரின்ரை சந்தேகத்திலையும் கொஞ்சம் உண்மை இருக்கு. 2018, 2019 ரெண்டு வருசம் ஒரு பிரதேச சபையின்ரை மாட்டிறைச்சிக் கடையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினனான். எந்தச் சபை எண்டு வேண்டாம்.

நினைச்ச இடத்திலை மேசை போட்டு மாட்டிறைச்சி விக்க ஏலாது. வெள்ளைக்காரன் 1893 இலை போட்ட கசாப்புக்காரர் சட்டம் இண்டைக்கும் இருக்கு, அனுமதி வேணும். வருசா வருசம் கேள்விப் பத்திரம் போடுவினம், கூடக் கேட்டவருக்குக் கடை. அந்தக் காசை வெண்டவர் எங்கையிருந்து எடுக்கிறது? உங்கடை கொத்திலை இருந்துதான். ஒரு இடத்துக்கு ஒரு கடை எண்டால் பக்கத்துக் கடையிலை குறைவு எண்டு சொல்லவும் ஆளில்லை. போயாவுக்கு (பௌர்ணமி நாளுக்கு) பூட்டு, வெள்ளிக்கிழமை சனம் வராது. ஆனால் குத்தகை எல்லா நாளுக்கும் ஓடும்.

கணக்கு இது. 180 கிலோ உயிரோடை நிக்கிற நாம்பனிலை எலும்போடை 85 கிலோ விழும். தராசு இல்லை, கண் மதிப்புத்தான். பிழைச்சால் பத்துக் கிலோ என்ரை தலையிலை. இண்டைக்கு அந்தளவு மாட்டுக்கு 1 இலட்சத்து 55 ஆயிரம் கேக்கினம். 85ஐ 2,300 ஆலை பெருக்கினால் 1 இலட்சத்து 95 ஆயிரத்துச் சொச்சம். இடையிலை நிக்கிற 40 ஆயிரத்திலை குத்தகை, அறுக்கிற ரெண்டு பேரின்ரை கூலி, பட்டா லொறி வாடகை, விக்காமல் மிஞ்சிறது. மாடு ஏத்த 1958 விலங்குகள் சட்டத்தின்ரை பெர்மிட்டும் வேணும். விதானையாரின்ரை (கிராம சேவகர்) கடிதம், மிருக வைத்தியர் எண்டு ஒரு நாள் அதோடை போகும்.

ஆரும் கதைக்காதது தோல். முந்தித் தோலை உப்புப் போட்டு வைச்சால் கொழும்பாலை வந்து எடுப்பினம். அந்தக் காசிலை அறுப்புக் கூலி போயிடும். நான் விடுற நேரம் தோலைக் கிடங்கு வெட்டித் தாட்டனான். தோல் குடுத்த காசை இப்ப இறைச்சிதான் குடுக்குது.

ரொறொன்ரோ_முள்ளியவளை:
இஞ்சையும் இதே கதைதான். அமெரிக்காவிலை 2025 தொடக்கத்திலை மாடு 8 கோடி 67 இலட்சம், 1951க்குப் பிறகு ஆகக் குறைவாம். வறட்சியிலை பசுக்களை வித்துத் தள்ளினவை, திருப்பிப் பெருக்க வருசங்கள் எடுக்கும். மெக்சிக்கோவிலை தசை திண்ணுற புழு வந்து அங்கையிருந்து மாடு எடுக்கிறதையும் நிப்பாட்டினவை. மெசின், விஞ்ஞானம் எல்லாம் இருந்தும் மாடு ஒன்பது மாசத்துக்கு முந்திப் போடுதில்லை.

பட்டிக்காரன்_முத்தையன்கட்டு:
முள்ளியவளையோ? ஆற்றை மகன் நீர்?

கொத்துக்கடை_மாங்குளம்:
எல்லாருக்கும் நன்றி. வவுனியாத் தம்பிக்கும் நன்றி, அடுத்த முறை ரோர்ச்சைக் கடையிலையே தாறன்.

கணக்குப் பாத்தன். ஒரு கொத்துக்கு 120 கிராம் போட்டால் எலும்பு கழிவு போக இறைச்சிக்கு மட்டும் 350 ரூபாய்க்கு மேலை வருது. கிழமை நாளிலை கோழியும் முட்டையும், சனி ஞாயிறு மட்டும் மாடு எண்டு மாத்தப்போறன். முத்தையன்கட்டு ஐயா, உங்கடை நாம்பன் ஒண்டை நான் காசு முன்னுக்குத் தந்து பேசி வைச்சால், எங்கடை கடைக்காரரைக் கொண்டு அனுமதியோடை அறுப்பிச்சு எடுக்கலாம். தரகர் காசாவது மிஞ்சும். என்ன சொல்லுறியள்?

பட்டிக்காரன்_முத்தையன்கட்டு:
நல்ல யோசினை தம்பி. செவலை நாம்பன் ஒண்டு நிக்குது, நாலு வயசு, உங்கடை அளவுக்குச் சரி. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ரெண்டு மாசம்தான் கிடக்கு. அது முடியட்டும், பிறகு கதைப்பம்.