பங்குப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? ஒஹாயோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கிளீவ்லாந்துக்கு வந்திருக்கும் தூத்துக்குடித் தம்பியும், கொலம்பஸ் பக்கம் குடியேறியிருக்கும் ஈரோட்டுத் தங்கையும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். தம்பி கத்தோலிக்கர். தங்கை வீட்டில் முருகன்தான் எல்லாம். பக்கத்துக் கத்தோலிக்கக் கோவிலோடு (சர்ச்) சேர்ந்த எலிமென்டரி ஸ்கூலில், அதாவது பங்குப் பள்ளியில், பிள்ளையைப் போடலாமா, கட்டுகிற பணத்துக்குத் தகுமா என்பதுதான் இருவருக்கும். என் பிள்ளைகள் இருவரும் கிண்டர்கார்டனிலிருந்து அப்படி ஒரு பள்ளியில்தான் படிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், நம்ம ஊர் கான்வென்ட்டை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஊரில் கான்வென்ட் என்றால் இங்கிலீஷ், கண்டிப்பு, மார்க். ஃபீஸ் கட்டிவிட்டு கேட்டில் பிள்ளையை இறக்கிவிட்டால் நம் வேலை முடிந்தது. இங்கே பங்குப் பள்ளியை நடத்துவது அந்தப் பங்கு, அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம். பொறுப்பு பங்குத்தந்தையுடையது (அந்தக் கோவிலின் பாதிரியார்), அன்றாட நிர்வாகம் பிரின்சிபலுடையது. நாம் கட்டும் ஃபீஸ் ஒரு பிள்ளைக்கு ஆகும் முழுச் செலவையும் பெரும்பாலும் ஈடுகட்டாது. மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையும் நிதி திரட்டும் விழாக்களும் தாங்குகின்றன. அதனால் உங்கள் பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டோடு உங்களையும் சேர்த்துக்கொண்டதாகவே அவர்கள் நினைப்பார்கள். இத்தனை மணி நேரம் தன்னார்வ வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பதில் பணம் கட்ட வேண்டும் என்று பல பள்ளிகளில் எழுத்திலேயே இருக்கும். இது பிடிக்குமா பிடிக்காதா என்பதுதான் முதல் கேள்வி. பாடத்திட்டமெல்லாம் அப்புறம்.

இந்தப் பள்ளிகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் அந்த எதிர்பார்ப்பும் புரியும். 1840களில் அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் புராட்டஸ்டன்ட் பைபிளைத்தான் வாசிக்க வைத்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய ஐரிஷ், ஜெர்மன் கத்தோலிக்கர்கள் அதை எதிர்த்தார்கள். 1844இல் பிலடெல்பியாவில் அது கலவரமாகி கோவில்கள் எரிந்தன. பிறகு 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் (பிஷப்கள்), இரண்டு வருடத்துக்குள் ஒவ்வொரு கோவிலுக்குப் பக்கத்திலும் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஓரிகன் மாநிலம் 1922இல் எல்லாப் பிள்ளைகளும் பொதுப்பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டது. 1925இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. கிளீவ்லாந்தில் போலந்துக்காரர், ஸ்லோவாக்கியர், ஹங்கேரியர் என்று ஆளாளுக்கு ஒரு பங்கும் ஒரு பள்ளியும் கட்டிக்கொண்டார்கள். மில்லில் வேலை செய்தவர்கள் சில்லறை சேர்த்துக் கட்டிய கட்டடங்கள் அவை. புதிதாக வந்தவர்களுக்காகப் புதிதாக வந்தவர்களே கட்டியவை என்பதால், நம்மைப் போன்றவர்கள் உள்ளே நுழையும்போது வேற்றாளாக நிற்கிற உணர்வு குறைவு. இது என் அனுபவம்.

ஒரு விஷயம் ஊரிலிருந்து மாறியிருக்கும்: சிஸ்டர்களைத் தேடாதீர்கள். ஆசிரியர்களில் ஏறக்குறைய எல்லாருமே துறவறம் போகாத சாதாரண ஆட்கள்தான். ஆனால் பங்குத்தந்தையோ உதவிப் பங்குத்தந்தையோ நம்ம பக்கத்துக்காரராக இருக்க வாய்ப்பு உண்டு. இந்தியப் பாதிரியார்கள் இங்கே நிறைய.

சரி, மதிப்புகள், ஒழுக்கம் என்கிறார்களே, அது அன்றாடம் எப்படி இருக்கும்? காலையில் ஒலிபெருக்கியில் ஜெபம், சாப்பாட்டுக்கு முன் ஜெபம், தினமும் ஒரு பீரியட் மறைக்கல்வி (கத்தோலிக்க மத வகுப்பு), வாரத்தில் ஒருநாள் கோவிலில் பள்ளிப் பூசை (மாஸ்). வாசகம் வாசிப்பதும் பாடுவதும் பீடத்தில் உதவுவதும் பிள்ளைகளேதான். ஏழு வயதுக் குழந்தை முந்நூறு பேர் முன்னால் மைக்கில் தைரியமாக வாசிப்பதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பல பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்டர்கார்டன் பிள்ளையை ஜோடி சேர்த்துவிடுவார்கள். பெரியது சின்னதின் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போகும். பொதுப்பள்ளியில் ஐந்தாவதோ ஆறாவதோ முடிந்தால் வேறு கட்டடம். இங்கே எட்டாவது வரை ஒரே கூரை. அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தங்களைவிடச் சின்னவர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு இருப்பதே பாதி ஒழுக்கத்தைக் கொண்டுவந்துவிடும் என்பது என் கணிப்பு.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் பிள்ளை ஒரு சின்ன அட்டைப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வரும். ரைஸ் பவுல் (சோற்றுக் கிண்ணம்) என்பார்கள். 1975இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் ஆரம்பித்த வழக்கம். நாற்பது நாளும் ஏதாவது ஒன்றைத் தியாகம் செய்து, அந்தக் காசைப் பெட்டியில் போட்டு, கடைசியில் ஏழை நாடுகளின் பசிக்கு அனுப்புவது. என் மகள் ஒரு வருடம் எங்கள் காபிக் காசையும் பிடுங்கிப் போட்டாள். நவம்பர் 1 அன்று புனிதர் வேடம் போட வேண்டும், அதற்கு முந்தின நாள் ஹாலோவீன் வேடம் வேறு. அந்த வாரம் அம்மாக்கள் பாடு திண்டாட்டம்தான்.

அதே தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை டப்பாவில் சிக்கன் பிரியாணி கட்டிக் கொடுக்காதீர்கள், அன்று கத்தோலிக்கர்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை. அன்று மாலை பள்ளி ஹாலில் ஃபிஷ் ஃப்ரை நடக்கும். கிளீவ்லாந்துக்காரர்களுக்கு அது ஒரு திருவிழா. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டு தூக்குவார்கள், தாத்தாக்கள் மீன் பொரிப்பார்கள். சைவக்காரர்களுக்கு பியரோகி உண்டு. சோமாசி வடிவத்தில் இருக்கும், உள்ளே உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெயில் வதக்கிய வெங்காயம். ஊருக்குப் புதியவர்கள் ஆள் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. பள்ளியில் சேர்க்காவிட்டாலும் ஒருநாள் போய்ப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் போகலாம்.

தங்கை கேட்டதற்கு வருகிறேன். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். மதம் மாற்ற மாட்டார்கள். ஆனால் மறைக்கல்வி வகுப்பிலிருந்தும் பள்ளிப் பூசையிலிருந்தும் விலக்குக் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. பூசையில் நற்கருணை (ஆசீர்வதித்த அப்பம்) வாங்கும் நேரத்தில் உங்கள் பிள்ளை மார்பில் கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு போனால் ஆசீர்வாதம் கொடுத்து அனுப்புவார்கள், அவ்வளவுதான். இரண்டாம் வகுப்பில்தான் கொஞ்சம் கஷ்டம். வகுப்பே புதுநன்மைக்கு (முதன்முறை நற்கருணை வாங்கும் சடங்கு) தயாராகும், வெள்ளைக் கவுன், ஃபோட்டோ, கேக் என்று மே மாதம் வரை அதே பேச்சு. உங்கள் பிள்ளை "எனக்கு எப்போ?" என்று கேட்கும். அதற்கான பதிலை வீட்டில் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கந்த சஷ்டி நடந்தால் அதையும் டீச்சரிடம் சொல்லுங்கள். குடும்பம், திருமணம் போன்றவற்றில் திருச்சபையின் போதனைதான் பள்ளியின் நிலைப்பாடாகவும் இருக்கும். ஹேண்ட்புக்கை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனிப் பணம். பங்கில் பதிவு செய்தவர்களுக்கு ஒரு ஃபீஸ், மற்றவர்களுக்குக் கூடுதல், இரண்டாவது பிள்ளைக்குத் தள்ளுபடி என்பது வழக்கமான முறை. பதிவு செய்தால் மட்டும் போதாது, பூசைக்கு வருகிறீர்களா, காணிக்கை உறை வருகிறதா என்று பார்க்கிற பங்குகளும் உண்டு. பள்ளியில் இடம் கேட்பதற்கு முன்னாலேயே பங்கில் பெயரைப் பதியுங்கள் தம்பி, இன்றைக்கே. நிதியுதவி கேட்க பெரும்பாலும் ஃபேக்ட்ஸ் என்ற இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பம்.

ஒஹாயோவில் எட்சாய்ஸ் என்ற மாநில ஸ்காலர்ஷிப் 2023 முதல் எல்லா வருமானக்காரருக்கும் திறந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை முழுத்தொகை 6,000 டாலருக்குச் சற்று மேல். வறுமைக்கோட்டின் 450 சதவீதத்தைத் தாண்டிய வருமானத்துக்குத் தொகை படிப்படியாகக் குறையும். கணவன் மனைவி இருவரும் ஐடி என்றால் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். மதப் பள்ளிகளுக்கு வவுச்சர் (தனியார் பள்ளி ஃபீஸுக்கு அரசு தரும் பணம்) கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னதே கிளீவ்லாந்து வழக்கில்தான். ஆனால் 2025 ஜூனில் ஒரு கவுண்டி நீதிபதி எட்சாய்ஸ் மாநில அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்து, மேல்முறையீட்டுக்காக அந்தத் தீர்ப்பின் அமலை நிறுத்தியும் வைத்தார். ஆகவே இதை மட்டும் நம்பி எட்டு வருடக் கணக்குப் போடாதீர்கள். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் பள்ளி ஃபீஸ் கட்டலாம். 2018இலிருந்து வருடத்துக்கு 10,000 டாலர் வரை, 2026இலிருந்து 20,000. கிண்டர்கார்டன் ஃபீஸுக்கு டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ (பிள்ளைப் பராமரிப்புக்காக வேலை இடத்தில் வரி இல்லாமல் ஒதுக்கும் பணம்) செல்லாது, ஆனால் அதே பள்ளியில் வகுப்பு முடிந்த பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர் கேர் கட்டணத்துக்குச் செல்லும். இது பலருக்குத் தெரிவதில்லை. பஸ்ஸும் கேளுங்கள்: ஒஹாயோ சட்டப்படி, நேர்வழியில் முப்பது நிமிடத்துக்குள் இருக்கும் தனியார் பள்ளிக்கும் உங்கள் பகுதிப் பொதுப்பள்ளி டிஸ்ட்ரிக்ட்தான் போக்குவரத்துக்குப் பொறுப்பு. பஸ் விடுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லி அதற்குப் பதில் பணம் கொடுக்கும் டிஸ்ட்ரிக்ட்டுகளும் உண்டு.

ஹெச்4 விசாவில் (ஹெச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) வந்த பிள்ளைக்கு இங்கே படிக்கத் தனி ஸ்டூடன்ட் விசா வேண்டாம்.

எங்கே யோசிக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். பிள்ளைக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது என்றால், அல்லது பேச்சு, கவனம், ஆட்டிசம் என்று ஏதாவது உதவி தேவைப்படுகிறது என்றால், முதலில் பொதுப்பள்ளிக்குப் போங்கள். மொழி உதவியும் ஐஇபியும் (சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) அங்கே சட்டப்படியான உரிமை. பங்குப் பள்ளியில் அந்த வசதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஐஇபி கையில் இருந்தால் ஜான் பீட்டர்சன் என்ற ஒஹாயோ மாநில ஸ்காலர்ஷிப்பை வைத்துப் பிறகு மாறலாம், அந்தப் பள்ளி அதில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இன்னொன்று, பள்ளி மூடிவிடும் அபாயம். 1960களின் நடுவில் நாடு முழுக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் படித்தார்கள். இப்போது சுமார் 17 லட்சம். கடந்த ஐந்து வருடச் சேர்க்கை எண்ணிக்கையை பிரின்சிபலிடம் நேராகக் கேளுங்கள். இரண்டு வகுப்பை ஒன்றாக்கியிருக்கிறார்களா, எத்தனை டீச்சர் மாறினார்கள், எட்டாவது முடித்தவர்கள் எந்த ஹைஸ்கூலுக்குப் போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஜனவரி கடைசி ஞாயிறில் தொடங்கும் கத்தோலிக்கப் பள்ளி வாரத்தில் பல பள்ளிகள் ஓப்பன் ஹவுஸ் (பெற்றோர் வந்து சுற்றிப் பார்க்கும் நாள்) வைக்கும். அது அலங்காரம். முடிந்தால் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மதிய உணவு நேரத்தில் போய்ப் பாருங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால்: தம்பி, நீங்கள் சேர்க்கலாம். உறவு யாரும் இல்லாத ஊரில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு பங்கு கிடைப்பது பெரிய விஷயம். தங்கை, நீங்கள் இருப்பது கொலம்பஸ் பக்கத்து டப்ளின் டிஸ்ட்ரிக்ட் என்றால் ஒரு வருடம் அங்கே பொதுப்பள்ளியிலேயே விட்டுப் பாருங்கள். டப்ளின், மேசன், சோலன் போன்ற இடங்களுக்கு நம் மக்கள் கூட்டமாக வருவதே அந்தப் பொதுப்பள்ளிகளுக்காகத்தான். வீட்டு வாடகையில் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அப்படியும் சின்னப் பள்ளிதான் வேண்டும், ஜெபமும் பூசையும் உறுத்தவில்லை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

டொரன்டோவிலிருந்து ஒருவர், அங்கே கத்தோலிக்கப் பள்ளி இலவசமாயிற்றே என்று எழுதியிருந்தார். ஒன்டாரியோவில் அது அரசுப் பணத்தில் நடக்கிறது, எலிமென்டரியில் சேரப் பொதுவாக ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். அது வேறு ஏற்பாடு, இங்கே எழுதியது எதையும் அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

பள்ளியில் ஒரு மணி நேரம் உதவப் போவதாக இருந்தாலும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னணிச் சோதனையும் முடித்திருக்க வேண்டும். 2002க்குப் பிறகு ஆயர்கள் கொண்டுவந்த விதி. ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் கத்தோலிக்கர்களுக்கு ஒன்று: ஊரிலிருந்து பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழை, பங்கு முத்திரையோடு, புதிதாக வாங்கி வரச் சொல்லுங்கள். பதிவேட்டில் அந்தோணி மிக்கேல் என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டி வேறு மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று பங்குத்தந்தையிடம் இங்கிலீஷில் ஒரு கடிதமும் சேர்த்து வாங்கினால், இரண்டாம் வகுப்பில் அலைய வேண்டியிருக்காது.