விஷுவல் நாவல்: இதை வாசிப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஓலைச்சுவடி:
‘ஃபேட்/ஸ்டே நைட்’ என்ற ஜப்பானிய விஷுவல் நாவலை, அதாவது கணினியில் படித்துக்கொண்டே விளையாடும் கதையை, ஆரம்பித்ததிலிருந்து என் நண்பனுக்கு வேறு பேச்சே இல்லை. இதுவும் வாசிப்புதான் என்கிறான். நானும் எட்டிப் பார்த்தேன். அசையாத படம், எழுத்து, சொடுக்கினால் அடுத்த வரி. 2004இல் வந்தது. மூன்று கதைப்பாதைகள், ஒன்றை முடிக்காமல் அடுத்தது திறக்காது. கதைக்காக உட்கார்ந்திருக்கிறானா, பூட்டிய கதவு உறுத்துவதாலா? பூட்டுதான் என்பது என் கட்சி.

ரூட்மூன்று:
பூட்டுக்குக் காரணம் இருக்கிறது ஐயா. முதல் பாதையில் கதாநாயகன் ஷிரோவின் ‘எல்லோரையும் காப்பாற்றுவேன்’ நல்ல குணமாகவே படும். அந்தப் பிடிவாதம் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இரண்டாவதில் ஆர்ச்சர் என்ற வீரன் முகத்துக்கு நேரே காட்டுகிறான். மூன்றாவதில் சகுரா என்ற பெண் ஒருத்திக்காக அந்தக் கொள்கையையே விட வேண்டிவருகிறது. வரிசையைக் குலைத்தால் அந்த வலி பாதிகூட வராது. அப்புறம், நடுவில் நாம் தப்பாகத் தேர்வு செய்து ஷிரோ செத்துப்போனால் ‘டைகர் டோஜோ’ என்று ஒரு கோமாளிக் காட்சி வந்து, எங்கே சறுக்கினாய் என்று சொல்லித்தரும். சிக்கவைக்க நினைப்பவன் வழி சொல்வானா?

ஓலைச்சுவடி:
மறுபடி உள்ளே இழுக்கத்தான் சொல்கிறான்! ‘கிளானட்’ என்ற இன்னொரு விஷுவல் நாவலைப் பாருங்கள். மற்றவர்களின் கதைகளையும் முடித்து ஒளித்துளிகளைச் சேர்த்தால்தான் உண்மையான முடிவு. கதாநாயகி நாகிசாவின் கதை போதும் என்பவனையும் ஊரில் எல்லார் வீட்டுப் படியும் ஏறி இறங்க வைக்கிறார்கள். படித்த வரிகளைத் தாண்ட ‘ஸ்கிப்’ வேறு. படித்ததையே எத்தனை தடவை கடக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

தங்கமந்திரக்காரி:
இருவரும் பூட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ‘உமினேகோ’ என்ற விஷுவல் நாவலில் பூட்டும் இல்லை, பாதையும் இல்லை, தேர்வு செய்ய அநேகமாக எதுவுமே இல்லை. 2007 முதல் 2010 வரை, டோக்கியோவில் ரசிகர்கள் தாங்களே வெளியிடும் படைப்புகளை விற்கும் காமிகெட் சந்தையில் அரையாண்டுக்கு ஒன்றாக 8 பகுதிகள். ஒரு தீவில் கொலைகள்; செய்தது சூனியக்காரியா, மனிதனா? சிவப்பு எழுத்தில் வருவதெல்லாம் உண்மை என்பது விதி. அறைக்குள் யாரும் ஒளிந்திருக்கவில்லை என்று சிவப்பில் வந்துவிட்டால் நம் ஊகம் தரைமட்டம், முதலிலிருந்து யோசிக்க வேண்டும். அடுத்த பகுதி வரும்வரை ரசிகர்கள் இதை வைத்துத்தான் அடித்துக்கொண்டார்கள். இதைவிடக் கவனமான வாசிப்பு எங்கே இருக்கிறது?

ஓலைச்சுவடி:
துப்பறியும் கதையை ஆறு மாதம் நிறுத்தி வைத்தால் எந்த ஊரிலும் அடித்துக்கொள்வார்கள். நான் கேட்பது, கதையில் வரும் பெண்ணைப் பார்த்து ‘அவள் என்னிடம் பேசுகிறாள்’ என்கிற பித்தைப் பற்றி. 2017இல் வந்த ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் க்ளப்’ விஷுவல் நாவலில் மோனிகா என்ற பாத்திரம் கதாநாயகனை விட்டுவிட்டு விளையாடுபவரிடமே பேசத் தொடங்குவாள். கணினியில் நம் பயனர் பெயர் எதுவோ, அதைக்கூடச் சொல்லுவாள். அவளிடமிருந்து தப்பிக்க, விளையாட்டின் ஃபோல்டருக்குள் போய் அவள் பெயரில் இருக்கும் கோப்பை நம் கையாலேயே அழிக்க வேண்டும். சிலருக்கு அதற்கு மனசு வரவில்லை. அவளோடு தொடர்ந்து பேசிக்கொண்டிருக்க ரசிகர்களே ஒரு ‘மாட்’, அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் நிரல், செய்து வைத்திருக்கிறார்கள். இது எந்த வகை வாசிப்பு?

ரூட்மூன்று:
அந்தப் பித்தைத்தானே அந்த விளையாட்டு தோலுரிக்கிறது! அவள் பேசிக்கொண்டே போவாள், ஒரு வார்த்தை பதில் சொல்ல நமக்கு இடமில்லை. காசும் கேட்கவில்லை, இலவசமாகத்தான் வந்தது. நீங்கள் சொல்லும் குறையை உங்களைவிட நன்றாகச் சொன்னதே ஒரு விஷுவல் நாவல்தான்.

ஓலைச்சுவடி:
தோலுரித்துக் காட்டிய பிறகும் ஆட்கள் மாட் செய்து திரும்பப் போய் உட்கார்கிறார்களே, அப்படியானால் அது யார் கட்சிக்குச் சாட்சி?

தங்கமந்திரக்காரி:
சாட்சி கிடக்கட்டும். புதிதாக வருகிறவர்கள் ரூட்மூன்று எழுதிய முதல் பதிவைப் படிக்காமல் தாண்டிவிடுங்கள். எச்சரிக்கைகூடப் போடாமல் மூன்றாவது பாதையைப் போட்டு உடைத்திருக்கிறார்.