‘செட்’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் எத்தனை சொற்கள்?

கேள்வி: ஞாயிறு வகுப்பு ஆசிரியை, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

வணக்கம். எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் படிக்கிறார்கள். தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. சென்ற வாரம் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, ‘செட்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டாள். உடனே விடை சொல்ல இயலாததால், அந்தச் சொல் வரும்படியாக அவரவர் வீட்டில் கேட்ட வாக்கியங்களைச் சொல்லச் சொன்னேன். தயிர் இன்னும் செட் ஆகவில்லை. அலாரம் செட் செய். தாத்தாவுக்குப் பல் செட் வாங்க வேண்டும். ஊர்த் திருவிழாவில் மைக் செட் கட்டியிருக்கிறார்கள். அண்ணனுடைய செட்டில் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது. இந்த நிறம் உனக்குச் செட் ஆகாது. தயிருக்கு உறைதல், அலாரத்துக்கு நேரம் குறித்தல், பல்லுக்கு வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் வேறு சொல்லை எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் பிள்ளைகள், அப்படியானால் தமிழில் இதற்குச் சொல்லே இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவு என்னை மிகவும் வருத்துகிறது. இத்தனை பொருள்களுக்கும் ஆங்கிலத்தில் வேர் ஒன்றுதானா? பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்கலாம்?

மறுமொழி 1: ஓய்வு பெற்ற ஆங்கில விரிவுரையாளர், மல்லேசுவரம்

அம்மா, தங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். இது ஒரு சொல் அன்று; ஒரே ஒலியில் வந்து கலந்துவிட்ட இரண்டு சொற்கள். வினையாக வரும் ‘செட்’ பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்று இருந்தது. ‘சிட்’ என்றால் உட்காருதல், அதன் பிறவினையான ‘செட்’ என்றால் உட்காரவைத்தல். குழு, தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லோ, பின்பற்றுதல் என்று பொருள்படும் ‘செக்டா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பிற்காலத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. ஆகவே உங்கள் பட்டியலில் தயிரும் அலாரமும் ஒரு வீட்டுக்காரர்கள். பல் செட்டும் மைக் செட்டும் அண்ணனுடைய செட்டும் வேறு வீட்டுக்காரர்கள். கணிதத்தில் நம் பாடநூல்கள் ‘கணம்’ என்றும் இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்றும் சொல்வது இந்த இரண்டாம் வீட்டைச் சேர்ந்தது.

வினைச்சொல்லுக்கு ஈடாகத் தமிழில் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ‘இரு’ என்பதிலிருந்து ‘இருத்து’, ‘அமர்’ என்பதிலிருந்து ‘அமர்த்து’ என்று நாம் ஆக்குவது அதே வழிதான். எனக்கு மிகவும் பிடித்த இணை வேறொன்று. மாலையில் பொழுது அடைகிறது என்கிறோம், கோழி கூட்டில் அடைகிறது என்கிறோம், முட்டையில் அதை அடை வைக்கிறோம். ஆங்கிலத்திலும் சூரியன் ‘செட்’ ஆகிறது, அடைகாக்கும் கோழிக்கு ‘செட்டிங் ஹென்’ என்று பெயர். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமலேயே சூரியனையும் கோழியையும் ஒரே சொல்லில் சேர்த்திருக்கின்றன.

1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்த வினைச்சொல்லுக்குத்தான். 430க்கு மேற்பட்ட பொருள்கள் தரப்பட்டிருந்தன. பின்னர் இணையத்தில் திருத்தப்பட்டுவரும் மூன்றாம் பதிப்பில் ‘ரன்’ என்ற வினை 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது.

பிள்ளைகளிடம் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். ‘கட்டு’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்? தாலி கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், புடவை கட்டுகிறோம், பள்ளிக்குப் பணம் கட்டுகிறோம், இல்லாத கதையைக் கட்டுகிறோம். சீட்டுக்கட்டு, விறகுக்கட்டு என்று பெயர்ச்சொல்லாகவும் அது நிற்கிறது. கரும்பலகையில் இவற்றை எழுதச் சொன்னால், ஆங்கிலத்திலும் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

மறுமொழி 2: கட்டடப் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு

விரிவுரையாளர் ஐயா சொன்னதோடு என் தொழிலிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் கட்டுமானத்தில் வேலை செய்யும் கொத்தனார்களில் பலர் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்தவர்கள். ‘கலவை செட் ஆகிவிட்டது, இனித் தொடாதே’ என்று அவர்கள் சொல்லும்போது, கலவை கெட்டியாகிவிட்டது என்று பொருள் கொண்டால் தவறு. இளகிய தன்மை போய்விட்டது என்பது மட்டுமே அதன் பொருள். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்பாக இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. இந்த இடைவெளி கிடைப்பதற்காகவே ஆலையில் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள்; இல்லையேல் தண்ணீர் பட்டவுடன் இறுகிவிடும். வலுவடைவது அதற்குப் பின்னர் நாள்கணக்கில் நடப்பது. 28ஆம் நாளில் அதைச் சோதிக்கிறோம். எனவே ‘செட்’ ஆவதை இறுகுதல் என்றும், பின்னர் நடப்பதை வலுப்பெறுதல் என்றும் பிரித்து எழுதுவது நல்லது. இரண்டுக்கும் ‘கெட்டியாதல்’ என்று எழுதிய ஒரு தமிழ்க் கையேட்டைப் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு மறுநாளே முட்டுப்பலகையைப் பிரித்தால் கூரை என்ன ஆகும்?

மறுமொழி 3: பெங்களூருவில் பிறந்தவன்

செட் தோசையை யாரும் சொல்லவில்லையே. அவல் சேர்த்து அரைத்த மாவில் மெத்தென்று வார்த்து, பெரும்பாலும் மூன்றாக அடுக்கி, சாகு என்ற காய்கறிக் குழம்போடு தருவார்கள். அந்த அடுக்குதான் ‘செட்’. மாவு இறுகுவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. எந்த வீட்டைச் சேர்ந்தது என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று வகுப்பில் ‘கட்டு’ என்பதைக் கொடுத்தேன். பத்தொன்பது வாக்கியங்கள் வந்தன, நேரம் போதவில்லை. ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. ‘உனக்குச் செட் ஆகாது’ என்பது எந்த வீட்டைச் சேர்ந்தது?

மறுமொழி 4: ஓய்வு பெற்ற ஆங்கில விரிவுரையாளர்

அம்மா, அது நம் வீட்டைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் யாரும் நிறம் பொருந்தாததை அப்படிச் சொல்வதில்லை. இடத்தில் சரியாக உட்காருதல் என்ற கருத்தை எடுத்துக்கொண்டு, ‘ஒத்துவராது’ என்ற பொருளைத் தமிழர்களே அதற்குத் தந்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. பெங்களூருவில் கன்னடம் பேசுவோரும் ‘செட் ஆகல்லா’ என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்கு அதை ‘பொருந்தாது’ என்று எழுதிக்கொடுங்கள்.