ஃபர்ஸ்ட் இயர் பசங்க எல்லாருக்கும் ஒரே புக்: உருப்படியான வேலையா, சும்மா சடங்கா?

மழைக்காகிதம்:
எங்க யூனிவர்சிட்டில புதுசா சேர்ற எல்லாருக்கும் கிளாஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரே புக்க ஃப்ரீயா குடுத்துடுவாங்க, வீட்லயே படிச்சுட்டு வரணும், முதல் வாரத்துல 15 பேர் 15 பேரா உக்காந்து அதப் பத்தி பேசணும். நான் செகண்ட் இயர், போன வருஷம் ஒரு குரூப்ப நடத்துற வேலை என் தலைல விழுந்துச்சு. உள்ள போயி "யாரெல்லாம் படிச்சீங்க"ன்னு கேட்டேன், நாலு கை தூக்குச்சு, அதுலயும் ஒரு கை பாதிலயே இறங்கிடுச்சு. ஒருத்தன் பிளாஸ்டிக் கவரக்கூட பிரிக்கல, அப்படியே மடில வச்சிருந்தான். இந்த வருஷமும் கூப்பிட்டிருக்காங்க. போகலாமா?

கணக்குப்பிணக்கு:
போகாத தம்பி. நேரத்துக்கு கேடு. இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு நாவல் எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன், அது வேற சண்ட. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே புக் பொருந்தும்னு ஒரு கமிட்டி முடிவு பண்ணுது பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது. ரொம்ப குண்டா இருக்கக்கூடாது, மலிவுப் பதிப்பு வந்திருக்கணும், யார் மனசையும் நோகடிக்கக்கூடாது, எழுதினவர் உயிரோட இருக்கணும் (மேடைல வந்து பேசணும்ல). இந்த நாலு கண்டிஷன்லயே நல்ல புக்ல முக்காவாசி அவுட்டு. மிச்சம் இருக்கறது சப்புன்னுதான் இருக்கும். அமெரிக்கால பர்டூ யூனிவர்சிட்டி 2014ல இந்த திட்டத்தையே மூடிட்டாங்க.

வெள்ளைத்தாள்:
யார் மனசையும் நோகடிக்காததா? அண்ணே, 2002ல சேப்பல் ஹில்ல நடந்தது ஞாபகம் இல்லையா. நார்த் கரோலினா யூனிவர்சிட்டி. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து வருஷம்கூட திரும்பல, அதுக்குள்ள குர்ஆனோட ஆரம்பகால அத்தியாயங்கள மைக்கேல் செல்ஸ் மொழிபெயர்த்து விளக்கம் எழுதின புக்க புதுசா சேர்ற பசங்களுக்கு குடுத்தாங்க. ஒரு கிறிஸ்தவ அமைப்பு கோர்ட்டுக்கே போச்சு, கோர்ட் தடை குடுக்க முடியாதுன்னுடுச்சு. விருப்பம் இல்லாதவங்க படிக்க வேணாம், ஆனா ஏன் படிக்கலன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்கன்னு யூனிவர்சிட்டி சொல்லிச்சு. எனக்கு இந்த முழுக் கதைலயும் பிடிச்சது அந்த ஒரு பக்கம்தான். படிக்க மாட்டேன்னு சொல்றவனும் உக்காந்து யோசிச்சுதானே ஆகணும்.

கணக்குப்பிணக்கு:
சரி, நோகடிச்சா என்ன ஆகும்னும் பாத்தாச்சே. 2019ல ஜார்ஜியா சதர்ன் யூனிவர்சிட்டில இதே மாதிரி ஃபர்ஸ்ட் இயருக்கு குடுத்த நாவல எழுதினவங்கள பேசக் கூப்பிட்டாங்க, க்யூபா வம்சாவளிக்காரங்க, வெள்ளைக்காரங்களுக்கு பிறப்புலயே கிடைக்கிற சலுகையப் பத்தி பேசினாங்க. அன்னைக்கு ராத்திரியே கொஞ்சம் பசங்க அதே நாவல க்ரில்ல போட்டு கொளுத்திட்டாங்க. இதான் உங்க கலந்துரையாடலா?

நிழல்வாசகி:
அந்த நாவல்ல வர்ற பொண்ணு யாருன்னு சொல்லாம விட்டுட்டீங்களே! குடும்பத்துல முதல் ஆளா பெரிய காலேஜுக்குப் போயி அங்க ஒட்டவும் முடியாம வீட்டுக்குத் திரும்பவும் முடியாம தவிக்கிறவ. கொளுத்தினவங்கள்ல எத்தன பேர் அது வரைக்கும் படிச்சாங்களோ.

நானும் அந்த மாதிரி வந்தவதான். எங்க வீட்ல எனக்கு முன்னாடி யாரும் காலேஜ் வாசல மிதிச்சதில்ல. முதல் வாரம் எல்லாரும் எந்த ஸ்கூல், எங்கெல்லாம் டூர் போனீங்கன்னு பேசுவாங்க, எனக்கு அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது, வாய மூடிட்டு உக்காந்திருப்பேன். ஹாஸ்டல் படிக்கட்டுல ஒரு பொண்ணு, எங்க காலேஜ்ல எல்லாருக்கும் குடுத்த அதே புக்க வச்சிருந்தா, நடுவுல பஸ் டிக்கெட் சொருகி. "அந்த அம்மா பண்ணது சரியா"ன்னு கேட்டேன். அவ சரின்னா, நான் தப்புன்னேன், மூணாவது மாடி வரைக்கும் சண்ட போட்டுட்டே ஏறினோம். இன்னும் எனக்கு அவதான் ஃப்ரெண்டு.

கணக்குப்பிணக்கு:
அக்கா, சந்தோஷம். ஆனா அது புக்கால வந்தது இல்லையே, ரெண்டு பேருக்கும் ஒரே டிஷர்ட் குடுத்திருந்தாலும் பேசியிருப்பீங்க.

நிழல்வாசகி:
டிஷர்ட்டப் பத்தி மூணு மாடிக்கு எப்படி சண்ட போடுறது, சொல்லுங்க பாப்போம்.

அலமாரி:
நான் லைப்ரரில வேல பாக்குறேன், எங்க பக்கத்து கதையச் சொல்றேன். 1998ல சியாட்டில் பொது நூலகத்துல நான்சி பேர்ல், ஊரே ஒரு புக்க படிச்சா எப்படி இருக்கும்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் நிறைய ஊர்ல அதயே பண்ணாங்க. ஆனா அது விருப்பப்பட்டு வர்ற கூட்டம். காலேஜுக்கு எடுத்துட்டு வந்ததும் அது ஹோம்வொர்க் ஆயிடுது, அங்கதான் உயிர் போகுது. இன்னொண்ணு, யாரும் வெளில சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடறேன்: எங்க இடத்துல அந்த புக்க வாத்தியாருங்களே பாதிப் பேர் படிக்கல. முதல் வாரம் கூட்டம் முடிஞ்சா அவ்ளோதான், அதுக்கப்புறம் எந்த கிளாஸ்லயும் அதோட பேர்கூட வராது. பசங்க என்ன முட்டாளா, ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுடுவாங்க. இதுல இப்ப ஏஐகிட்ட கேட்டா சுருக்கம் அரை நிமிஷத்துல வந்துடுது, அதையே நாலு பேர் ஒரே வார்த்தைல ஒப்பிக்கிறத நான் கேட்டிருக்கேன்.

வெள்ளைத்தாள்:
😂 ஒரே வார்த்தைல, ஒரே வரிசைல.

கணக்குப்பிணக்கு:
அலமாரி அண்ணன் என் கட்சிதான்னு எழுதி வச்சுக்கிறேன்.

அலமாரி:
இல்லப்பா. திட்டத்த மூடச் சொல்லல. வீட்ல படிச்சுட்டு வான்னு சொல்றதத்தான் மூடச் சொல்றேன். ஒரு நாலு பக்கம் அங்கயே உக்காந்து சத்தமா படிங்க, ஆளுக்கு ஒரு பத்தி. படிக்காதவனும் அப்ப படிச்சவன் ஆயிடுவான்.

கணக்குப்பிணக்கு:
அதுல எனக்கு ஆட்சேபண இல்ல. ஆனா அப்ப அத்தன காப்பி எதுக்கு, நாலு பக்கம் ஜெராக்ஸ் போதுமே. மிச்ச காச லைப்ரரிக்கு குடுக்கட்டும்.

நிழல்வாசகி:
ஜெராக்ஸ யாரும் கைல வச்சுட்டு படிக்கட்டுல உக்கார மாட்டாங்க.

மழைக்காகிதம்:
படிச்சேன் எல்லாத்தையும். போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், போன வருஷம் அந்த பிளாஸ்டிக் கவர் பையன்தான் ரொம்ப பேசினான், மத்தவங்க கதையச் சொல்லச் சொல்ல "அவ ஏன் அப்பவே வீட்ட விட்டுப் போகல"ன்னு கேட்டுட்டே இருந்தான், படிச்ச மூணு பேரும் முழிச்சாங்க. அதனால இந்த தடவ "யாரு படிச்சீங்க"ன்னு கேக்கப் போறதில்ல. எந்தப் பக்கத்துல நிறுத்துனீங்க, ஏன் அங்க நிறுத்துனீங்கன்னு கேப்பேன்.

கணக்குப்பிணக்கு:
கவரே பிரிக்காதவன் எந்தப் பக்கம்னு சொல்லுவான்?

மழைக்காகிதம்:
அவன்கிட்டதான் முதல்ல குடுத்து சத்தமா படிக்கச் சொல்லப் போறேன். கவரயும் அங்கயே பிரிக்கட்டும்.