போர்டு போன கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிரைவரை மட்டும் எடுப்பது எப்படிங்க?

பல்லடம் குடோன்:
நூல் குடோன் கம்ப்யூட்டரில் மதர்போர்டு போயிருச்சுங்க. ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்குது, கழட்டி யுஎஸ்பி கேஸில் போட்டுப் புது மிஷினில் மாட்டியிருக்கேன். ரெண்டும் 64 பிட் விண்டோஸ் 10. எடை மிஷின் பழைய யுஎஸ்பி-சீரியல் கேபிளில் ஓடுது. புதுசுல விண்டோஸ் தானா போட்ட டிரைவர் (சாதனத்தை இயக்குற மென்பொருள்), கேபிளில் இருக்கிற சிப்பைப் பத்தி 'பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012-லேயே நிறுத்தியாச்சு'னு இங்கிலீஷ்ல காட்டிட்டு வேலை செய்ய மாட்டேங்குது. பழசுல இதே கேபிள் ஓடிச்சு. பிஎன்பியூட்டில்ங்கிற விண்டோஸ் டிரைவர் கமாண்டில் எக்ஸ்போர்ட் பண்ணா புது மிஷின் டிரைவர்தான் வருது. பழைய சிஸ்டம்32-ல இருந்த டிரைவர்ஸ் ஃபோல்டரைக் காப்பி பண்ணியும் ஒண்ணும் ஆகலை.

ஈரோடு சர்வீஸ்:
பிஎன்பியூட்டில் ஓடிட்டிருக்கிற விண்டோஸை மட்டும்தாங்க பார்க்கும். டிரைவர்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது வெறும் .சிஸ் ஃபைல். எந்தச் சாதனத்துக்கு எதைப் போடணும்னு சொல்ற .ஐஎன்எஃப், கையெழுத்து இருக்கிற .கேட் ரெண்டும் இல்லாம ஏறாது. முழுப் பொட்டலமும் டிரைவர்ஸ்டோர்\ஃபைல்ரெபாசிட்டரியில் இருக்குது. அதை எடுக்க, ஓடாத விண்டோஸையும் பார்க்கிற டிஸ்ம் கமாண்டுதான் சரி.

பழைய டிஸ்க் எஃப்: னு வெச்சுக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் எழுத்தைச் சரி பாருங்க. சி:\பழசு னு ஃபோல்டரை முதல்லயே உருவாக்கிட்டு, அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து (இல்லாட்டி 740 பிழை வரும்), இங்கே இருக்கிறதை இங்கிலீஷ் எழுத்தில் அடிங்க:

டிஸ்ம் /இமேஜ்:எஃப்:\ /எக்ஸ்போர்ட்-டிரைவர் /டெஸ்டினேஷன்:சி:\பழசு

எஃப்:\விண்டோஸ் னு கொடுத்துராதீங்க, டிரைவின் வேர்தான் வேணும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தா முதல்ல 48 இலக்கச் சாவியில் திறக்கோணும்.

பல்லடம் குடோன்:
வந்துருச்சுங்க, நிறைய ஃபோல்டர். எல்லாத்தையும் ஒரே அடியா ஏத்திரலாமா?

ஈரோடு சர்வீஸ்:
வேண்டாமுங்க. பழைய போர்டோட சிப்செட், கிராபிக்ஸ் எல்லாம் அதுல கிடக்குது, புதுசுக்கு அது வேண்டாத சுமை. டிஸ்ம் /இமேஜ்:எஃப்:\ /கெட்-டிரைவர்ஸ் அடிச்சா ஒவ்வொண்ணோட வகை, தேதி, வெர்ஷன் வரும். 'போர்ட்ஸ்' வகையில் எஸ்இஆர்2பிஎல்.ஐஎன்எஃப் இருக்கும், அதுதான் உங்க கேபிளுக்கு. விண்டோஸ் கூடவே வர்ற டிரைவர் எக்ஸ்போர்ட்டில் வராது, அதைத் தேடாதீங்க.

பிஎன்பியூட்டில் /ஆட்-டிரைவர் கூட அந்த .ஐஎன்எஃப் முகவரி, கடைசியில் /இன்ஸ்டால். ஆனா இதோட முடியாது. ஒரே சாதனத்துக்கு ரெண்டு டிரைவர் ஒரே அளவுக்குப் பொருந்தினா விண்டோஸ் புதுத் தேதியுள்ளதைத்தான் எடுக்கும். டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ்', அப்புறம் பட்டியலில் இருந்து நாமே தேர்ந்தெடுக்கிற வழி. அங்கே ரெண்டு வெர்ஷன் இருக்கும், பழைய தேதியைத் தொடுங்க.

கோபி:
ஒண்ணு விட்டுப்போச்சு. விண்டோஸ் அப்டேட் திரும்பவும் புதுசை இறக்கிரும். 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்'ல 'நோ' வைங்க. அதோட எடை சாஃப்ட்வேர் பழைய காம் எண்ணைத்தான் (சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் கொடுக்கிற எண்) தேடும். அது தெரியலீன்னா ரெஜ் லோட் போட்டு எஃப்:\விண்டோஸ்\சிஸ்டம்32\கான்ஃபிக்\சிஸ்டம் ஹைவை (பழைய விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி ஃபைல்) எச்கேஎல்எம்\பழசு னு ஏத்துங்க. கன்ட்ரோல்செட்001\ஈனம்\யுஎஸ்பி (நடுவுல இருக்கிறது இ-என்-யூ-எம்) கீழ விஐடி_067பி&பிஐடி_2303, அதுக்குள்ள 'டிவைஸ் பாராமீட்டர்ஸ்'ல 'போர்ட்நேம்' இருக்கும். பார்த்து முடிச்சதும் ரெஜ் அன்லோட் மறக்காதீங்க, இல்லாட்டி டிஸ்க்கைப் பாதுகாப்பாக் கழட்ட விடாது.

பல்லடம் குடோன்:
பழசுல காம்3 இருந்துச்சுங்ணா. புதுசுல காம்5 ஆயிருந்தது, டிவைஸ் மேனேஜரில் 'போர்ட் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு' போயி மாத்தியாச்சு. எடை வருது. லேபிள் பிரிண்டர் டிரைவரும் இதுலயே கிடைச்சுது, ஆனா லேபிள் கோணலா அடிக்குது.

கோபி:
எக்ஸ்போர்ட்டில் டிரைவர் மட்டுந்தானுங்க வரும். பிரிண்டர் க்யூ, பேப்பர் அளவு வராது. அகலம், உயரம், லேபிளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி மூணையும் ஸ்கேலில் அளந்து பிரிண்டிங் பிரிஃபரன்சஸில் புதுசா போடுங்க, பிறகு பிரிண்டரிலேயே ஒரு தடவை கேலிபரேஷன்.