'நிறுத்து' என்று யாராவது சொல்லும் வரை: ஃபோரம் தியேட்டர் களக் குறிப்புகள்

வளரிளம் பெண்கள் குழுக்களோடு ஃபோரம் தியேட்டர் தொடங்குகிறவர்களுக்காக இது. பார்வையாளரே காட்சியை நிறுத்தி, உள்ளே வந்து வேறுவிதமாக நடித்துப் பார்க்கும் நாடகம் இது. பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த முறை. மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி நாடகக் குழு இதைக் கிராமங்களில் ஊன்றவைத்தது.

காட்சி 8 முதல் 10 நிமிடம் போதும். பிரச்சினையும் ஒன்றே ஒன்றுதான். பத்தாவது முடித்த பெண், வரன் கொண்டுவரும் மாமா, கடனில் இருக்கும் அப்பா, வாய் திறக்காத அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்தப் பெண் தோற்க வேண்டும். ஜெயித்துவிட்டால் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

முதல் தடவை முழுதாக ஆடுங்கள். மறுதடவை ஆடும்போது, கூட்டத்தில் யாரும் 'நிறுத்து' என்று சொல்லிவிட்டு உள்ளே வரலாம். பெண்ணுக்குப் பதிலாகவோ அம்மாவுக்குப் பதிலாகவோ வரட்டும். மாமாவை மட்டும் மாற்ற விடாதீர்கள். அவர் நல்லவராகிவிட்டால் பேசப் பிரச்சினையே இல்லை. பெரும்பாலும் கூட்டம் நிறுத்தும் இடம், காப்பி டம்ளர் தட்டை அம்மா மகள் கையில் திணிக்கிற நொடி. அந்தத் தட்டை வாங்கலாமா, கீழே வைக்கலாமா, அம்மா கையிலேயே திருப்பிக் கொடுக்கலாமா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் செய்து பார்ப்பார்கள். அதனால் தட்டும் டம்ளரும் நிஜமாகவே இருக்கட்டும், பாவனை வேண்டாம்.

ஒத்திகையில் பாதி நேரத்தை மாமாவாக நடிப்பவருக்கே கொடுங்கள். அவர் சீக்கிரம் இறங்கிவந்தால் கூட்டம் அதை நம்பாது. கொஞ்சமும் அசையாவிட்டால், துணிந்து வந்த பெண் முகம் வாடித் திரும்புவாள், அடுத்தவள் எழமாட்டாள். வரக்கூடிய ஐந்தாறு வாதங்களை முன்கூட்டியே எதிர்கொண்டு பழக வேண்டும்: 'போலீஸுக்குச் சொல்வேன்', 'டீச்சரைக் கூட்டிவருவேன்', 'இரண்டு வருஷம் தள்ளிப்போடுங்கள்'. வாதம் உண்மையிலேயே தைக்கும்போது மட்டும் அவர் தளரட்டும்.

நடத்துபவரை ஜோக்கர் என்போம். 'சரியா, தப்பா?' என்று அவர் கேட்கக்கூடாது. 'நம்ம ஊர்ல இது நடக்குமா?' என்று கேட்க வேண்டும். யாரும் எழாத அமைதியில் பதறி அறிவுரை சொல்லத் தொடங்கினால் அன்றைய நிகழ்ச்சி போச்சு. பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். அதன்பிறகு நிச்சயம் ஒரு கை உயரும்.

*

இனி, இடத்தைப் பற்றி. மேடை வேண்டாம், படியேறுவதற்கே கூச்சப்படுவார்கள். தரையில் 15 அடி வட்டம் போதும். சின்னப் பிள்ளைகள் முன்னால் பாயில். பெண்கள் ஆடுகளத்துக்குப் பக்கவாட்டில், ஒட்டினாற்போல. ஆண்களைத் தாண்டி நடக்க வேண்டியிருந்தால் எந்தப் பெண்ணும் வரமாட்டாள். அடுப்புவேலை முடியாமல் அவர்கள் வரமுடியாது, ஆகவே ஏழரைக்கு முன் தொடங்காதீர்கள். பறை கால்மணி நேரம் முழங்கினாலே கூட்டம் சேர்ந்துவிடும்.

அதே ஊரில் நடந்த கதையை அதே ஊரில் ஆடவே கூடாது. தொழிலை மாற்றினாலும் உறவுமுறையை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அடி வாங்குவது அந்தப் பெண்தான். கூட்டம் கலைந்த பிறகு யாராவது ஒருத்தி தனியாகப் பேசக் காத்திருப்பாள். அவளுக்காகக் குழுவில் இரண்டு பெண்கள் அங்கேயே இருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வாயால் மட்டும் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

*

எல்லாம் சரி, மறுநாள் என்ன செய்கிறோம் என்பதையும் பேசுவோம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் கலைக்குழுக்கள் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போனபோது, பின்னாலேயே எழுத்து வகுப்பும் வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். இங்கும் அப்படி ஒரு தொடர்ச்சி வேண்டும்.

கூட்டத்தில் ஒருவரை நோட்டோடு உட்காரவையுங்கள். உள்ளே வந்தவர்கள் என்ன செய்தார்கள், எது எடுபட்டது என்பதை அவர்கள் பேசிய சொற்களிலேயே எழுதட்டும். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ நகரமன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படித் திரட்டிய யோசனைகளைச் சட்டமாக்கினார். 13 சட்டங்கள் நிறைவேறின. நமக்குக் கிராம சபை இருக்கிறது. ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு நாடகத்தை வையுங்கள். 'மேல்நிலைப் பள்ளிக்குப் போக மாலையில் பஸ் இல்லை, அதனால்தான் படிப்பை நிறுத்துகிறார்கள்' என்று நோட்டில் இருந்தால், அதை மனுவாக எழுதி அந்தப் பெண்களே வாசிக்கட்டும்.